ஆயிரத்து இருநூறு மெகாஹெர்ட்ஸும் ஒரு பெட்டி ஐஸும்

1. முதலில் அண்ணாச்சியின் போன்

தங்கய்யன் அண்ணாச்சியின் போனைக் கொன்றது நான்தான். கரண்ட் ஏறி இறங்கியதில் போய்விட்டது என்று அன்றைக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்; அவர் எவ்வளவு நம்பினாரோ. இப்போது அவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். இதைப் படித்தால் படிக்கட்டும். மூன்றாம் நாள் அதை உயிர்ப்பித்ததும் நான்தான் என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

குமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊரின் சந்தைக்குப் பக்கத்தில் அவருடைய செல்போன் கடை. அதற்கு முன்னால் அதே கடையில் வாட்ச் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். திருவட்டாற்றிலிருந்து தினமும் பஸ். வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எப்பம் வருவாரு?" என்பார்கள். "நான்தான் மெக்கானிக்" என்றால், "சரி, பெரிய மெக்கானிக் எப்பம் வருவாரு?" என்பார்கள். ஆறு மாதம் இதற்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் நீண்டுவிட்டது. முன்பு நான் சாதுவான பிள்ளை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் ஆண்ட்ராய்ட் போன்கள் வந்து குவிந்தன. வந்த எல்லோருக்கும் ஒரே புகார்: "ஸ்லோவாக்கும்." அப்போதுதான் நான் இன்டர்நெட்டில் படித்து ஓவர்கிளாக்கிங் கற்றுக்கொண்டேன். இப்போதைய பிள்ளைகளுக்கு இது தேவையே இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி ஒரு புராசசரை எண்ணூறு மெகாஹெர்ட்ஸில் ஓடச் சொல்லி அனுப்பியிருக்கும். போனை ரூட் பண்ணி, அதாவது கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, உள்ளே இருக்கிற அடிப்படை சாப்ட்வேரான கர்னலை மாற்றி, ஒரு கண்ட்ரோல் ஆப்பை ஏற்றினால், அதில் ஒரு கோடு வரும். கோட்டை வலது பக்கம் தள்ளினால் எண்ணூறு ஆயிரமாகும், ஆயிரத்து நூறாகும். போன் விறுவிறுப்பாகும். கூடவே சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். அளவு தாண்டினால் நின்றுபோகும்.

இதை அண்ணாச்சிக்கு விளக்கியது என் முதல் தப்பு.

"எம்மா பிந்து, எனக்க போனு எவ்வளவு வரை போகும்?"

"ஆயிரத்து நானூறு வரை காட்டுது அண்ணாச்சி. ஆனா அவ்வளவு போகப்பிடாது."

"போகப்பிடாதுன்னா பின்ன என்னத்துக்குக் காட்டுகான்? தள்ளு."

தள்ளினேன். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். போன் நின்றாலும், மறுபடி ஆன் செய்யும்போது பழைய வேகத்துக்கே வந்துவிடும். ஆனால் அந்த ஆப்பில் 'செட் ஆன் பூட்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால், போன் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் நாம் வைத்த வேகத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நான் ஜோராக அதிலும் டிக் போட்டேன். போன் நின்றது. எழும்பியது. எழும்பியதும் ஆயிரத்து நானூறை எடுத்தது. நின்றது. எழும்பியது.

அண்ணாச்சி அதை மேசையில் சாய்த்து வைத்து முன்னால் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி லோகோ வரும்போது, "எம்மா, வருதே!" என்பார். அது அணையும்போது, "போயிற்றே" என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேலை போய்விடும் என்று பயமும் வந்தது.

இரண்டு நாள் இரவு பகலாகப் படித்து, மூன்றாம் நாள் சாப்ட்வேரை முழுக்க மாற்றி ஏற்றி எழுப்பினேன். பிறகு ஒரு அட்டையில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டினேன். முதலில் பேக்கப் எடுக்க வேண்டும். வேகத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடு பார்க்க வேண்டும். வோல்ட்டேஜ் பக்கம் போகவே கூடாது. ஒரு முழு நாள் ஒழுங்காக ஓடாமல் 'செட் ஆன் பூட்'டில் டிக் போடக் கூடாது. அட்டைக்குக் கீழே அண்ணாச்சி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: 'முதலாளியின் போனில் கை வைக்கக் கூடாது.'

2. மங்கலான மாப்பிள்ளை

அட்டை ஒட்டிய கொஞ்ச நாளிலேயே சந்தைப் பிள்ளைகள் மத்தியில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. ஆட்டோக்காரர்களுக்கு, பாட்டுக் கடைக்காரருக்கு, காலேஜ் பிள்ளைகளுக்கெல்லாம் வேகம் கூட்டிக் கொடுத்தேன். ஒன்றும் கெடவில்லை. தலைக்கனம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நேரத்தில்தான் ஜெசிந்தா அக்கா வந்தாள்.

ஜெசிந்தா அக்காவுக்கு ஊர் கடியப்பட்டணம். காலையில் கரையில் ஏலம் எடுத்து, மீனைக் கருங்கல் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பாள். விற்று முடித்த கையோடு கடைக்குள் வந்து, போனை என் முன்னால் வைத்தாள். காது வைக்கிற ஓட்டையில் ஒரு சாளை மீன் செதில் ஒட்டியிருந்தது.

"ஏட்டி, இதுக்குள்ள எனக்க மாப்பிள்ளை இருக்காரு. மங்கலா இருக்காரு. தெளிச்சுத் தா."

அவளுடைய மாப்பிள்ளை பெஞ்சமின் பஹ்ரைனில் ஒரு அரபியின் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தார். போய் நான்கு வருடம். லீவு கிடைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோ காலில் விளிப்பார். அவர்களுடைய மகள் ஜெனிஷாவுக்கு அந்த மே மாதம் புதுநன்மை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது. வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாக, வீட்டுக் கல்யாணம் போலக் கொண்டாடுவார்கள்.

"அப்பா வருவாரான்னு பிள்ளை கேட்டா. போனுக்குள்ள கூட்டிட்டு வருவேன்னு சத்தியம் செஞ்சு குடுத்துட்டேன்" என்றாள் அக்கா. "அவரு கோயிலுக்குள்ள நிக்க முடியல்ல. போனுக்குள்ளயாவது நிக்கட்டு. இந்தச் சனியன் என்னடான்னா, விளிச்ச ரெண்டாம் நிமிசம் படம் நின்னுபோகுது. நிக்காத நேரம் மங்கலா இருக்கு. நீ என்ன செய்வியோ, எனக்குத் தெரியாது. மே மாசம் ரெண்டாம் ஞாயிறு அவரு பிள்ளையைப் பார்க்கணும்."

போனைத் திறந்தேன். எண்ணூறு மெகாஹெர்ட்ஸ். உள்ளே ஜெனிஷா ஏற்றி வைத்த பதினான்கு விளையாட்டுகள். டார்ச் ஆப் மட்டும் மூன்று. மெமரியில் மூச்சு விட இடமில்லை. குப்பையை எல்லாம் அழித்தேன். அதோடு ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் தலைக்கனம் இருக்கிறதே. ரூட் பண்ணி, ஆப்பை ஏற்றி, ஆயிரத்தில் வைத்து, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வந்தாள். "நிக்கது இல்ல ஏட்டி, இப்பம் ஓடுது. கொள்ளாம். ஆனா அவரு மங்கலாத்தான் இருக்காரு."

ஆயிரத்து நூறில் வைத்தேன். அடுத்த வாரம் வந்தாள். "மங்கல் போகல்ல."

என்னுடைய வேலை ஒருத்தர் முகத்தைத் தெளிய வைக்கவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. ஆயிரத்து இருநூறில் வைத்தேன். கடையில் டேபிள் ஃபேனுக்கு நேர் முன்னால் வைத்து அரை மணி ஓட்டினேன். சூடு பிடித்தது, ஆனால் நிற்கவில்லை. கடியப்பட்டணம் கரையில் டேபிள் ஃபேன் கிடையாது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். அக்கா மீன் விற்க உட்கார்ந்தால் போனிலிருந்து பேட்டரியைக் கழற்றி மடியில் முடிந்துகொள்வாள். "விலை பேசும்போது மணி அடிச்சா படியப்போற விலையும் படியாது" என்பாள். ஒவ்வொரு தடவை பேட்டரியைக் கழற்றும்போதும் வேகம் பழையபடி எண்ணூறுக்கு வந்துவிடும். ஆகவே 'செட் ஆன் பூட்'டில் டிக் போட்டேன். நானே எழுதி ஒட்டிய அட்டை என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

3. சொட்டச் சொட்ட ஒரு போன்

புதுநன்மைக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்கா வந்து ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். வாங்கியதும் என் விரல் விறைத்தது. கவரிலிருந்து மேசையில் தண்ணீர் சொட்டியது.

"இது என்ன அக்கா, மீனா?"

"போனாக்கும். இன்னைக்கு எழும்ப மாட்டேங்குது."

"ஏன் இப்பிடி விறைக்குது?"

"சூடாச்சு. ஐஸ்ல வச்சேன்."

"போனையா?"

"பின்ன, என்னையா?" என்றாள். "வெயில்ல மீனு கெடாம இருக்க எங்க வைக்கோம்? ஐஸ் பெட்டியிலல்லா? இதையும் நெய்மீனுக்கும் சூரைக்கும் நடுவுல பத்திரமாத்தான் வச்சிருந்தேன். அவருதான் சொல்லித் தந்தாரு."

நான் அதற்குள் போனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். திரைக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். புளோயரில் காயவைத்தபடியே அக்காவை ஏசினேன். சூடான போனைப் பட்டென்று குளிரவைத்தால் நம்ம ஊர் ஈரக்காற்று அதன்மேல் தண்ணீராகப் படியும், உள்ளேயும் படியும், போர்டு துருப்பிடிக்கும், போனை ஐஸில் வைக்கிறவர்களை உலகத்திலேயே நான் பார்த்ததில்லை என்று ஒரு மூச்சில் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"ஏசி முடிச்சியா? முன்னால இது சூடாகவே ஆகாது. சூடாக்கித் தந்தது ஆராக்கும்?"

அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே, "கூடுதலா ஓடுத வாட்சும் கெட்டுப்போன வாட்சுதான் எம்மா. ரிப்பேருக்குத்தான் வரும்" என்றார். சமயம் பார்த்துக் குத்துவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

போன் காய்ந்து எழும்பியது. கோட்டை எண்ணூறுக்கு இழுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குறைக்காத மோளே. ஞாயிறு ஒண்ணு கழியட்டு. இவ்வளவு கூட்டியும் மங்கலா இருக்காரு. குறைச்சா ஆளே தெரியாமப் போயிரும்."

குறைத்திருக்க வேண்டும். தொழில் தெரிந்தவள் நான், அவள் அல்ல. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

"சரி. ஆனா இனி ஐஸ்ல வைக்கப்பிடாது."

"வைக்கல்ல. அதுக்குப் பதிலா நீ ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வா. பக்கத்துல நில்லு. போனு நின்னா ஒன்னைப் பிடிச்சுக் கடல்ல போடணும்லா, அதுக்கு ஆளு வேணும்."

4. கடைசியாக ஒன்று

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்துப் போனேன். கடலுக்கு ஓய்வு நாள். வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. கோயில் நிறைய ஆட்கள். முன் வரிசையில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள். ஜெனிஷா நடுவில் நின்று, ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்த்தாள். நாங்கள் பக்க வாசலில் நின்றோம். ஒரே ஒரு போனுக்கு மட்டும், சத்தம் வரக் கூடாது என்று சொல்லிப் பங்குச் சாமியார் அனுமதி கொடுத்திருந்தார். இயர்போன் வயரின் ஒரு முனை அக்கா காதில், இன்னொரு முனை என் காதில். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு கன்றுக்குட்டிகள் போல நின்றோம்.

பூசை தொடங்கியதும் பெஞ்சமின் அண்ணன் வந்தார். திரையில் ஒரு வெள்ளைச் சட்டையும் அதற்கு மேலே ஒரு புகையும் தெரிந்தது.

"அங்க இப்பம் அஞ்சு மணிதான். சட்டை போட்டு நிக்காரு பாரு" என்று அக்கா முணுமுணுத்தாள்.

பின்பக்கக் கேமராவைத் திருப்பிப் பீடத்தைக் காட்டினாள். பாட்டு ஓடியது, வாசகம் ஓடியது. என் கண் முழுக்கத் திரையின் மூலையில் ஆப் காட்டுகிற சூட்டுக் கணக்கின் மேல். ஏறிக்கொண்டே இருந்தது. மே மாதம், ஜனக்கூட்டம், நெருக்கி நிற்கிற வாசல், அக்காவின் வியர்த்த கை. சாமியார் பிரசங்கம் தொடங்கிய நேரத்தில் திரை கறுத்தது. லோகோ வந்தது. போனது. வந்தது. போனது.

"எம்மா, வருதே" என்று அண்ணாச்சி என் காதுக்குள் சொல்வது போல இருந்தது.

அக்கா இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முன் வரிசையில் ஜெனிஷா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் திரும்பினாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவள் அம்மா செய்து கொடுத்த சத்தியத்தை என் தலைக்கனம் முறித்துவிட்டது.

அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பேட்டரியைக் கழற்றினேன். கையில் வைக்க முடியாத சூடு. அண்ணாச்சியின் போனுக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது: போன் எழும்பினால், அந்த ஆப் தன் வேலையைத் தொடங்குவதற்குள் ஒரு அரை நிமிடம் இடைவெளி கிடைக்கும். அதற்குள் ஆப்பைத் திறந்து டிக்கை எடுத்துவிட்டால் பிழைத்தோம். ஆனால் இந்தச் சூட்டில் லோகோவைத் தாண்டி எழும்பவே எழும்பாது. முதலில் அது ஆறியாக வேண்டும்.

"அக்கா, ஐஸ் வேணும்."

"ஏட்டி, ஐஸ்ல வச்சா துருப்பிடிக்கும்னு நீதானே சொன்ன!"

"சொன்னேன். இப்பம் வேணும்."

"ஞாயித்துக்கெழமை கரையில ஐஸ் எங்க இருக்கு? பெட்டி எல்லாம் கழுவிக் கவுத்துப் போட்டிருக்கு!"

மற்ற ஆறு நாளும் அந்த ஊரில் காலில் இடறுகிற ஐஸ், அன்றைக்கு ஒரு துண்டு கூட இல்லை. அப்போது கோயில் முற்றத்தில் ஒரு பெரிய டிரம்மைப் பார்த்தேன். பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்க நன்னாரி சர்பத். அதன் மேலே ஒரு ஐஸ் பாறை மிதந்தது. காவலுக்குக் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், கையில் கரண்டியோடு.

"ஐஸ் குடுக்கப்பிடாது. பிள்ளைகளுக்குள்ளதாக்கும்" என்றார்.

"இதுவும் பிள்ளைக்குள்ளதுதான்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா அக்கா முழங்கை வரை சர்பத்துக்குள் கையை விட்டாள். கரையில் ஏலம் எடுக்கிறவளோடு கரண்டியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியுமா? அவர் விலகிக்கொண்டார்.

ஐஸ் துண்டை இரண்டு கவரில் கட்டி, துணியைச் சுற்றி, போனின் முதுகில் மட்டும் வைத்தேன். பேட்டரியை என் கைக்குட்டையில் வைத்து விசிறினேன். உள்ளே சாமியார், "கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்றார். பிரசங்கம் முடிந்தால் நற்கருணை நெருங்கிவிடும்; எனக்கு உயிர் போனது. ஒன்று சொன்னார். பிறகு, "இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு மறுபடியும் "கடைசியாக" என்றார். நீண்ட பிரசங்கத்துக்காக ஒரு ஆள் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்தக் கோயிலில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதுவும் ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிற திருவட்டாற்றிலிருந்து வந்தவள்.

பிரசங்கம் முடிந்து, காணிக்கைப் பாட்டு முடிந்து, எல்லோரும் முழங்காலில் நின்றபோது பேட்டரியைப் போட்டேன். லோகோ வந்தது. அணையவில்லை. திரை விரிந்தது. ஆப்பைத் திறந்து டிக்கை எடுத்தேன். கோட்டை எண்ணூறுக்கு இழுத்தேன். திரையெல்லாம் சர்பத் பிசுபிசுப்பு.

"விளி அக்கா."

முதல் மணி முடிவதற்குள் பெஞ்சமின் அண்ணன் எடுத்துவிட்டார். நாங்கள் உள்ளே ஓடினோம். நற்கருணை வாங்குகிற வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஜெனிஷாவுக்கு முன்னால் இரண்டு பேர். அக்கா வலது கையை உயரத் தூக்கினாள். அந்தக் கையிலிருந்து முழங்கை வழியாகச் சர்பத் வடிந்துகொண்டிருந்தது. ஒருத்தி போனாள். இன்னொருத்தி போனாள். ஜெனிஷா கண்ணை மூடி, நாக்கை நீட்டி வாங்கினாள்.

என் காதுக்குள் ஒரு ஆண்பிள்ளை விம்மினார். "மக்கா" என்றார். "எனக்க மக்கா" என்றார். வயரின் மறுமுனையில் அக்காவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தூக்கிய கை மட்டும் அசையவே இல்லை.

எண்ணூறு மெகாஹெர்ட்ஸில் அந்தப் படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான் அதையும் கவனித்தேன். தொழில் புத்தி.

5. அந்தப் பக்கம்

பூசை முடிந்ததும் ஜெனிஷா முற்றத்துக்கு ஓடிவந்து, இயர்போன் வயரை உருவிவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, நான் தெரிஞ்சேனா?"

"தெரிஞ்சே மக்கா. பூமுடி வலத்த காதுக்கு மேல சரிஞ்சு இருந்துது. நீ கையை வச்சு நேராக்கினல்லா?"

அவள் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் துள்ளிக்கொண்டு சர்பத் டிரம்முக்கு ஓடினாள். பூமுடி வரை பார்த்திருக்கிறாரே என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அக்கா திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எல்லாம் சரி ஏட்டி. ஆனா இந்த மனுசன் இப்பவும் மங்கலாத்தானே இருக்காரு?"

போனை வாங்கினேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினேன்.

"அண்ணே, நான் கருங்கல்ல போனு கடையில உள்ள பிந்து. அங்க எங்களை எப்பிடித் தெரியுது?"

"நல்லாத் தெரியுதும்மா. கண்ணாடி போல."

"இன்னைக்கா?"

"எப்பவுமே அப்பிடித்தான். முதல்ல இடைக்கிடைக்கு நின்னுபோகும். அது சரியாகி ரெண்டு மாசமாச்சு."

இரண்டு மாதம் முன்னால் என்றால், நான் குப்பையை அழித்த நாள். "உங்களைத்தான் அண்ணே இங்க தெரியல்ல. உங்க போனுக்க முன் கேமராவைக் கொஞ்சம் பாருங்க."

"கேமராவுக்கு ஒண்ணும் இல்ல. இங்க சூடுல்லா, விளிக்கதுக்கு முன்னால போனை ஐஸ்ல வச்சுத்தான் எடுப்பேன். அவளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

ஐஸில் வைத்த போனை வெளியே எடுத்தால் கண்ணாடியில் தண்ணீர் படியும் என்று அக்காவுக்கு ஒரு மூச்சில் பாடம் எடுத்தவள் நான். அவருதான் சொல்லித் தந்தாரு என்று அன்றைக்கு அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி. கையில் இருந்த போனை எண்ணூறிலிருந்து ஆயிரத்து இருநூறு வரை ஏற்றினேன். நோய் இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த போனில்.

"அண்ணே, சட்டையை வச்சு அந்தக் கேமராவைத் துடைங்க."

திரை முழுக்க வெள்ளைச் சட்டைத் துணி வந்து உரசியது. விலகியது. அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, காதுக்கு மேலே முழுக்க நரைத்த ஒரு ஆள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இது ஆருட்டி?" என்றாள் அக்கா.

அவள் அதை என்னிடம் கேட்கவில்லை.

"நரைச்சுப் போச்சே உங்களுக்கு" என்றாள்.

"ரெண்டு வருசமாச்சு. நீ ஒண்ணும் சொல்லல்ல. பிடிக்காம இருக்கும்னு நானும் கேக்கல்ல."

போன் இன்னும் குளிர்ச்சியாக இருந்ததால் கேமரா மறுபடி மூடிக்கொண்டது.

"துடைங்க" என்றாள் அக்கா.

துடைத்தார். மூடியது.

"இன்னும் துடைங்க."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் சர்பத் குடிக்கப் போனேன். கமிட்டிக்காரர் என்னை முறைத்துக்கொண்டே ஒரு கிளாஸ் ஊற்றினார். அதில் லேசாக மீன் வாடை அடித்தது. யார் கை போனது என்று தெரியும் என்பதால் முகம் சுளிக்காமல் குடித்தேன். திரும்பிப் பார்த்தபோதும் அக்கா, "துடைங்க, துடைங்க" என்று சொல்லிக்கொண்டுதான் நின்றாள்.

மறுநாள் கடையில் அட்டையை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி எழுதினேன்: 'அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று கேட்க வேண்டும்.' ஓவர்கிளாக்கிங் காலம் போய்விட்டது. இப்போது வருகிற போன்களில் அந்தக் கோட்டைத் தள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அட்டையில் மற்ற வரிகளை அழித்துவிட்டேன். இந்த வரி மட்டும் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் போனைக் கழற்றினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்த வாரமே ஜெசிந்தா அக்கா கடைக்கு வந்து, வாழையிலையில் பொதிந்த நெய்மீன் துண்டு ஒன்றை மேசையில் வைத்தாள்.

"இதையாவது ஐஸ்ல வைக்கலாமா, இல்ல இதுக்கும் ஏச்சு உண்டா?"

"போனு எப்பிடி இருக்கு அக்கா?"

"போனு நல்லாத்தான் இருக்கு. பஹ்ரைன் போற பயலுகிட்ட நாலு பாக்கெட் தலைச்சாயம் வாங்கிக் குடுத்துவிடப் பார்த்தேன். அவரு வேண்டாம்னு சொல்லிட்டாரு." மடியிலிருந்து பேட்டரியை எடுத்துப் போனில் போட்டபடியே சொன்னாள். "நீ இவ்வளவு பாடுபட்டுத் தெளிய வச்சதை இனி மறைக்கப்பிடாதாம்."